துணியா, சுருள் திரையா, மென்பொருளா, பலகையா: நேரலைக்கு எந்தக் கிரீன் மேட்?

மின்விசிறி ஓடும் அறையில் பச்சைத் துணி கட்டி நேரலை நடத்தியவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழு மணிக்கு, திருச்சியில் வாடகை வீட்டின் 10க்கு 12 அடி அறையிலிருந்து யூடியூபில் நேரலை. எனக்குப் பின்னால் மின்சுற்றுப் படமோ கதிர்ப்படமோ பெரிதாகத் தெரிய வேண்டும். நான் அதன் முன்னால் நின்று, கையை நீட்டிக் காட்டிப் பேச வேண்டும். கிரீன் மேட் இதற்குத்தான்: பின்னால் ஒரே பச்சை இருந்தால், கணினி அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் படத்தை வைக்கும். இதற்காக மென்பொருள், சுருள் திரை, துணி மூன்றையும் பார்த்துவிட்டு, இப்போது ஒரு வருடமாகப் பச்சை அடித்த பிளைவுட் பலகையில் நிற்கிறேன். எனக்குப் பலகைதான் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மென்பொருளை முதலில் முடித்துவிடலாம். திரையே இல்லாமல் ஆளை அடையாளம் கண்டு பின்னணியை வெட்டும் வகை இது. ஜூமில் எல்லோரும் பார்த்ததுதான். இந்த வகை நிரலான என்விடியா பிராட்காஸ்ட் 2020இல் வந்தது. அதற்கு ஆர்டிஎக்ஸ் வரைகலை அட்டை உள்ள கணினி வேண்டும். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும் இலவசச் செருகுநிரல்களும் நேரலை அனுப்பும் இலவச மென்பொருளான ஓபிஎஸ்ஸுக்குக் கிடைக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு இது தாராளமாகப் போதும். இடமும் அடைக்காது, கூடுதல் விளக்கும் கேட்காது.

எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் என் பாடம். இந்த நிரல்கள் தேடுவது மனித உருவத்தை. கையில் பிடித்திருக்கும் பொருள் அந்த உருவத்தோடு சேர்ந்ததா, பின்னணியோடு சேர்ந்ததா என்பதை ஒவ்வொரு ஃபிரேமிலும் அவை ஊகிக்க வேண்டியிருக்கிறது. நான் பயன்படுத்திய இலவச நிரலில், குவிலென்ஸை உயர்த்திக் காட்டியதும், "மிஸ், லென்ஸ் தெரியல" என்று சாட்டில் வரிசையாக வந்து விழுந்தது. செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கினால் பாதிச் சுருள் வந்து வந்து மறைந்தது. தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தையும் அது ஒரு பக்கம் கடித்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் அட்டையில் ஓடுவதைத் தோழி வீட்டில் ஒரு மாலை மட்டும் பார்த்தேன். முடி ஓரங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் அதில் பொருள்களைப் பிடித்துப் பார்க்கவில்லை.

நிறத்தை வைத்து வெட்டும் குரோமா கீயில் இந்தத் தொல்லை இல்லை. பச்சையாக இல்லாத எதுவும் நிற்கும். கண்ணாடி லென்ஸைப் பிடித்தால் விளிம்பு நிற்கிறது, நடுவில் பின்னணிப் படம் தெரிகிறது. ஒன்றை மட்டும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். லென்ஸ் வழியே தெரியும் அந்தப் படம் தலைகீழாகாது. லென்ஸ் வளைத்தது பச்சை ஒளியைத்தான்; படம் அதற்குப் பிறகு கணினி சேர்த்தது. பிம்பம் கவிழ்வதைக் காட்ட வேண்டுமானால் லென்ஸுக்குப் பின்னால் நிஜப் பொருள் ஒன்றைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது, தரையில் வைத்த பெட்டியிலிருந்து மேலே இழுத்து நிறுத்தும் சுருள் திரை. நேரலைக் கருவிகள் விற்கும் எல்காட்டோ நிறுவனத்தின் திரை 148க்கு 180 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். துணி விறைப்பாக நிற்கிறது, சுருக்கம் இல்லை, வகுப்பு முடிந்ததும் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். பிரச்சினை அகலம்.

இந்தக் கணக்கைத் திரை வாங்கும் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கேமராவிலிருந்து நான் 6 அடி தள்ளி நிற்கிறேன். எனக்குப் பின்னால் 4 அடி தள்ளித் திரை. அதாவது கேமராவுக்கும் திரைக்கும் 10 அடி. நான் நிற்கும் இடத்தில் கேமரா 3 அடி அகலத்தைப் பார்த்தால், திரை இருக்கும் இடத்தில் அது 5 அடியைப் பார்க்கும். 148 சென்டிமீட்டர் என்பது 5 அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஆக, எனக்குக் கிடைப்பது 3 அடிகூட இல்லை. இரண்டு கையையும் விரித்தால் விரல்கள் திரைக்கு வெளியே போய்விடும். திரையை ஒட்டி நின்றால் அகலம் மிச்சமாகும், ஆனால் நிழல் திரையில் விழும், பச்சை ஒளி தோளிலும் முடியிலும் ஏறும். உட்கார்ந்து விளையாட்டு ஒளிபரப்புகிறவருக்கு இந்தத் திரைதான் சரியான தேர்வு. நின்று பாடம் நடத்த இது காணாது.

இனித் துணி. அதிகம் பேர் தொடங்குவது இதில்தான், நானும் அப்படித்தான். விலை மலிவு, எந்த அளவுக்கும் தைத்துக்கொள்ளலாம். முதல் நாள் அயர்ன் செய்து, கம்பியில் மாட்டி, கிளிப் போட்டு இழுத்துக் கட்டியபோது படம் அருமையாக வந்தது. இரண்டாம் வாரத்திலிருந்துதான் உண்மை தெரிந்தது.

சுருக்கம் பார்வைக்கு அசிங்கமாக இருப்பது பெரிய விஷயமே இல்லை. அதுதான் வெட்டப்படப் போகிறதே. சிக்கல் அதற்குள்ளே இருக்கிறது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம். ஒரே பச்சை பத்துப் பச்சையாகிறது. ஓபிஎஸ்ஸின் குரோமா கீ வடிகட்டியில் இத்தனை பச்சையையும் பிடிக்க, எவ்வளவு நெருங்கிய நிறம் வரை வெட்டலாம் என்று சொல்லும் 'சிமிலாரிட்டி' அளவை ஏற்றியாக வேண்டும். அதை ஏற்றினால் பச்சைக்குப் பக்கத்து நிறங்களும் போகத் தொடங்கும். முதலில் முடி ஓரம் போகும், பிறகு கண்ணாடி ஃபிரேம், பிறகு கிளிப்பச்சைக் கரை போட்ட புடவை. வெப்கேமராவிலிருந்து வரும் படத்தில் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டோ நான்கோ சேர்ந்து ஒரே நிறத் தகவலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒளி அளவு மட்டும்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி. அதனால் ஓரங்களில் நிறம் ஏற்கெனவே கலங்கித்தான் இருக்கும். அதன்மேல் தளர்வான கீயிங்கும் சேர்ந்தால் கை அசையும்போது விரல்களைச் சுற்றிப் பூச்சி அரித்ததுபோல் தெரியும்.

அயர்ன் செய்தால் சரியாகிவிடாதா என்றால், ஆகும், மின்விசிறி இல்லாத ஊரில். சித்திரை வைகாசியில் இந்த அறையில் விசிறியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் நெற்றியில் வியர்வை வழிகிறது. விசிறி ஓடினால் துணி ஆடுகிறது. ஆடும் துணியில் மடிப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நின்றிருக்கும் சுருக்கத்துக்கு ஏற்ப ஒருமுறை அளவு வைத்துவிடலாம், நகரும் சுருக்கத்துக்கு வைக்கவே முடியாது. கீழ் விளிம்பில் குழாய் செருகினேன், ஓரங்களில் கயிறு கட்டினேன், முதல்நாள் இரவே மாட்டி வைத்தேன். மாதத்தில் பாதி நாள் 6:50க்கு நான் பாடக் குறிப்பைப் பார்க்காமல் துணியைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு செய்து வெளியிடுகிற வீடியோ என்றால் துணி போதும். ஒரு ஷாட் கெட்டால் மறுபடி எடுக்கலாம், எடிட்டிங்கில் சரிசெய்யலாம். நேரலையில் ஏழு மணிக்கு என்ன இருக்கிறதோ அதுதான் போகும். அதனால் எனக்கு எது மிகச் சிறந்த படம் தருகிறது என்பதைவிட, நேற்று வைத்த அளவு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறதா என்பதுதான் முக்கியமாகிப்போனது. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பலகைக்கு வந்தேன்.

சொந்த வீடாக இருந்தால் சுவரிலேயே அடித்திருப்பேன். அதைவிட நல்லது எதுவும் கிடையாது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "காலி பண்ணும்போது பழையபடி வெள்ளை அடிச்சுக் குடுப்பியாம்மா?" என்றார். அந்தப் பச்சையை மறைக்க எத்தனை கோட் வேண்டியிருக்கும் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

தச்சர் முதலில் இரண்டு ஷீட்டை நிறுத்தி 8க்கு 8 செய்யச் சொன்னார். அப்படிச் செய்தால் நடுவில் இணைப்புக் கோடு வரும். மேலே போட்ட அதே கணக்கைத் திரும்பப் போட்டேன். நேரலைப் படம் 16:9. படுக்கை வாட்டில் அகலம், உயரம் குறைவு. 8க்கு 4 அடி ஷீட் ஒன்றைப் படுக்கையாக வைத்தால், நான் நிற்கும் இடத்தில் 2.4 அடி உயரமும் 4 அடிக்கு மேல் அகலமும் கிடைக்கின்றன. தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு இடுப்பு வரை. பாடம் நடத்த அவ்வளவுதான் வேண்டும். இணைப்பே இல்லை. கேமரா என் கழுத்தளவில் இருப்பதால் பலகையின் அடி விளிம்பு தரையிலிருந்து இரண்டேகால் அடியில் நிற்கும்படி கால் வைக்கச் சொன்னேன்.

6 மில்லிமீட்டர் பிளை, பின்னால் வளையாமலிருக்க ரீப்பர் கட்டைச் சட்டம், பிரைமர், பட்டி, மணல்தாள் தேய்ப்பு, இரண்டு கோட் மேட் எமல்ஷன். தச்சுக் கூலி சேர்த்து எனக்கு 4,700 ரூபாய் ஆனது. துணிக்குக் கம்பி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து ஏற்கெனவே 2,300 செலவழித்திருந்தேன். பெயின்ட் மேட்டாக இருப்பது கட்டாயம். பளபளப்பு வந்தால் விளக்கு வெள்ளைத் திட்டாகப் பிரதிபலிக்கும், அந்தத் திட்டு கீயாகாது. நிறத்துக்கு என் பழைய கிரீன் மேட் துணியில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். கலவை இயந்திரத்தில் அதற்குப் பொருத்தமாகக் கலந்து கொடுத்தார்கள். குரோமா கீக்கென்றே ராஸ்கோ போன்ற நிறுவனங்கள் தனிப் பெயின்ட் விற்கின்றன. அதை நான் அடித்துப் பார்த்ததில்லை. கடைக் கலவையே எனக்குக் குறையில்லாமல் வேலை செய்கிறது.

துணியில் ஏற்றி வைத்திருந்த சிமிலாரிட்டி அளவைப் பலகையில் பாதிக்கும் கீழே இறக்க முடிந்தது. கண்ணாடி ஃபிரேம் முழுசாக வந்தது. விசிறி ஐந்தாம் எண்ணில் ஓடுகிறது. இந்த ஒரு வருடத்தில் ஓபிஎஸ் அளவுகளை நான் தொட்டது இரண்டே தடவை, இரண்டும் விளக்கு மாற்றியபோது.

விளக்கு எல்லா வழிக்கும் பொதுவானது என்பதால் சுருக்கமாக. பலகைக்கு இரண்டு பக்கமும் 20 வாட் எல்இடி டியூப்லைட் ஒவ்வொன்றைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன், முகத்துக்குத் தனியாக ஒன்று. எதுவும் விசிறி இறக்கைக்கு மேலே இருக்கக் கூடாது, இறக்கை நிழல் வெட்டி வெட்டி விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கின் மினுக்கலைத் தவிர்க்கக் கேமராவில் இருக்கும் ஃபிளிக்கர் அமைப்பு 60இல் இருந்தால் படத்தில் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் தானியங்கியிலிருந்து எடுத்துப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் தாளை உயர்த்திக் காட்டியதும் கேமரா பச்சையையே வேறு பச்சையாக்கிவிடும். வெளிச்சம் சமமாக விழுகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி இது: சிமிலாரிட்டியை மிகக் கீழே இறக்கி, மெதுவாக ஏற்றுங்கள். கடைசியாக மறையும் மூலைதான் வெளிச்சம் காணாத மூலை.

தாவரவியல் எடுக்கும் தோழி என் பலகையைப் பார்த்துவிட்டு அதேபோல் செய்ய ஆசைப்பட்டார். இலையைக் கையில் பிடித்தால் இலை போய்விடுமே! அவருக்கு நீலம்தான் அடித்தோம். வழக்கமான கேமரா சென்சாரில் நான்கு உணர்புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அதனால் நீலத்தில் இரைச்சல், அதாவது படத்தில் பொடிப்புள்ளிகள், கூடுதலாகத் தெரியும், வெளிச்சம் அதிகம் கொடுக்க வேண்டும். அவருக்குப் பலகைக்கு மட்டும் நான்கு டியூப்லைட் ஆனது. செம்பருத்தி இலை இப்போது காம்பு வரை தெளிவாகத் தெரிகிறது.

பலகையின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது அறையை விட்டுப் போகாது. சுவரோரம் எட்டடி இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். வாடகை வீட்டில் ஒரே அறைதான் என்றால் சுருள் திரையோடு சமாளிப்பதே நல்லது. ஐப்பசி மழையில் ஒருமுறைதான் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஓரத்தில் நூலளவு வளைந்தது, படத்தில் தெரியவில்லை. நாலைந்து மழைக்காலம் தாங்குமா என்பது போகப்போகத்தான் தெரியும். ஈரச் சுவர் உள்ள வீடானால் வாட்டர்புரூஃப் பிளை வாங்குவது நல்லது என்று தச்சர் சொன்னார், நான் சாதாரணத்தில்தான் செய்தேன்.

பராமரிப்பு என்று நான் செய்வது, வாரத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் தூசி துடைப்பது. நாற்காலி இடித்து ஒருமுறை பெயின்ட் உரிந்தது. மீதியிருந்த பெயின்டை டப்பாவில் மூடி வைத்திருந்தேன். மூடியில் ஷேடு எண்ணும் கடைக்காரர் ஒட்டிய சீட்டும் இருக்கின்றன. மத்தியானம் ஒரு தொடு தொட்டேன், ஏழு மணிக்குள் காய்ந்துவிட்டது.