பக்கவாத்தியக்காரரின் குரல்: எடி ஹிண்டனின் 'வெரி எக்ஸ்ட்ரீம்லி டேஞ்சரஸ்'

எடி ஹிண்டன் தம் பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம் 'வெரி எக்ஸ்ட்ரீம்லி டேஞ்சரஸ்'. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் நகரிலிருந்து இயங்கிய கேப்ரிகார்ன் நிறுவனம் 1978-இல் இதை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் நொடித்துப்போனதால், இந்த இசைத்தட்டைக் கையில் எடுத்து நடத்திச் செல்ல ஆளில்லாமல் போயிற்று. ஆல்பம் வெளிவந்த ஆண்டில் ஹிண்டனுக்கு முப்பத்துநான்கு வயது. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய பாடல்களுக்குக் கிடார் வாசித்தும், பிறர் பாடுவதற்கென்று பாடல் எழுதியும் வந்த ஒருவர் முதன்முறையாக மைக்கின் முன்னால் வந்து நின்ற தருணம் இப்படி முடிந்தது. ஆனால் ஆல்பத்தின் தரத்துக்கும் அதன் தலையெழுத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கறுப்பினத்தவரின் சோல் பாட்டும் தென்மாநிலங்களின் கன்ட்ரி பாட்டும் கலந்த கன்ட்ரி சோல் இசையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் மூன்று நான்கு ஆல்பங்களுள் இதுவும் ஒன்று.

கன்ட்ரி சோல் என்னும் பெயர் அந்த இசை உருவான இடத்தை அறிந்தால்தான் பொருள்படும். அலபாமாவின் வடமேற்கு மூலையில் டென்னசி ஆற்றையொட்டி ஃபுளாரன்ஸ், ஷெஃபீல்ட், டஸ்கம்பியா, மசில் ஷோல்ஸ் என நான்கு சிறு ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நிறவெறி ஊறிப்போயிருந்த அந்த மாநிலத்தில், 1960களில், கறுப்பினப் பாடகர்கள் பாட, பெரும்பாலும் வெள்ளையர்களான உள்ளூர் இளைஞர்கள் வாத்தியம் வாசிக்க, உலகம் முழுவதும் கேட்ட பாடல்கள் இங்கே பதிவாயின. பாடுகிறவர்கள் தேவாலயத்திலிருந்து குரலைக் கொண்டுவந்தார்கள். வாசித்தவர்களும் எழுதியவர்களும் வானொலியில் கேட்டு வளர்ந்த கன்ட்ரி பாடல்களிலிருந்து கதை சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஃபுளாரிடாவின் ஜாக்சன்வில்லில் 1944-இல் பிறந்து அலபாமாவின் டஸ்கலூசாவில் வளர்ந்த ஹிண்டன், 1967 முதல் 1971 வரை இந்தக் கூட்டத்தின் லீட் கிடாரிஸ்டாக இருந்தார்.

அவர் எங்கெல்லாம் இருந்தார் என்று தேடிப் பார்ப்பதே ஒரு சுவையான வேலை. 1969-இல் பாடகி ஷெர் வெளியிட்ட '3614 ஜாக்சன் ஹைவே' என்னும் ஆல்பத்தின் பெயர், ஷெஃபீல்டில் அப்போதுதான் திறக்கப்பட்ட மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தின் முகவரியாகும். அதன் அட்டைப்படத்தில், கூடத்தின் முன்னால் வரிசைகட்டி நிற்கும் கூட்டத்தில், தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் நிற்கிறார், ஒலிப்பதிவாளர் டாம் டவுட் நிற்கிறார், வாத்தியக்காரர்கள் நிற்கிறார்கள், ஹிண்டனும் நிற்கிறார். உள்ளே அவர் எழுதிய 'சேவ் த சில்ட்ரன்' பாடலும் இருக்கிறது. அதே ஆண்டு பாடகர் பாஸ் ஸ்காக்ஸ் இங்கே பதிவுசெய்த ஆல்பத்திலும் அவர் வாசித்தார். ஆனால் அந்த ஆல்பத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு டுவேன் ஆல்மனின் நீண்ட கிடார் வாசிப்பிலேயே நின்றுவிடுகிறது. ஆல்மனைக் குறை சொல்வதற்கில்லை, அந்த வாசிப்பு அப்படிப்பட்டது. ஆயினும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்த இரண்டு கிடாரிஸ்டுகளுள் ஒருவர் பாடலைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் குணமுடையவர், மற்றவர் பாடலுக்குள் ஒதுங்கிக்கொள்ளும் குணமுடையவர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இசைத்தட்டு வேறில்லை. ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவின் 1972ஆம் ஆண்டு ஆல்பத்திலும் அவர் கிடார் ஒலிக்கிறது. அட்டையின் பின்புறத்தைப் படிக்காதவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

பாடலாசிரியராகவும் அவருக்கு இதே கதிதான். டானி ஃபிரிட்ஸுடன் சேர்ந்து எழுதிய 'பிரேக்ஃபஸ்ட் இன் பெட்' பாடலைக் கேட்காத சோல் ரசிகர் இருக்க முடியாது. பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடி 1969-இல் 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' ஆல்பத்தில் அது வெளிவந்தது. 1972-இல் ஜமைக்காவின் லோர்னா பென்னட் அதை ரெகேயாக மாற்றினார். 1988-இல் யூபி40 குழுவும் கிறிஸி ஹைண்டும் பாடியபோது பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. இந்தப் பாடலைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனெனில் ஹிண்டனின் எழுத்துமுறை முழுவதும் இதற்குள் இருக்கிறது. அழுத முகத்தோடு வாசலில் வந்து நிற்கும் ஒருவனை ஒரு பெண் உள்ளே அழைக்கிறாள். அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். அவன் இங்கு வருவதும் முதல் தடவையல்ல. அவள் புலம்புவதில்லை, நியாயம் கேட்பதில்லை. அவன் மனத்தில் இருப்பதை எல்லாம் இறக்கிவைக்கட்டும் என்கிறாள், காலை உணவு தருகிறேன் என்கிறாள். பல்லவியின் நடுவே டஸ்டி 1966-இல் பாடிப் பெரும்புகழ் பெற்ற வேறொரு பாடலின் தலைப்பு, பேச்சுவாக்கில் வருவதுபோல் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதலைச் சொல்லத் தேவையில்லை என்னும் அந்தச் சொற்கள் பழைய பாடலில் மன்றாட்டாக ஒலித்தவை. இங்கே அவை வீட்டுக்காரியின் பெருந்தன்மையாகவும், கொஞ்சம் களைப்பாகவும் மாறிவிடுகின்றன. சாதாரண வீட்டுப் பேச்சில் ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லிவிடும் இந்தத் திறம் கன்ட்ரி பாடலாசிரியர்களுடையது. அதைச் சோல் மெட்டில் வைத்ததுதான் ஹிண்டன், ஃபிரிட்ஸ் இருவரின் கைவேலை. இதில் ஒரு விந்தையும் உண்டு: கிடாரிஸ்டான ஹிண்டனின் மிகப் புகழ்பெற்ற பாடலில் கிடார் வாசித்தவர் மெம்ஃபிஸைச் சேர்ந்த ரெஜி யங்.

மார்லின் கிரீனுடன் எழுதிய 'கவர் மீ' சோல் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜின் குரலில் நிலைத்தது. பாக்ஸ் டாப்ஸ், லுலு, டோனி ஜோ வைட் என்று அவர் பாடல்களைப் பாடியவர்களின் பட்டியல் இன்னும் நீளும்.

இவ்வளவையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் தமக்கென்று என்ன வைத்திருந்தார் என்பதற்கு 1978ஆம் ஆண்டின் ஆல்பம் விடை சொல்கிறது. தயாரிப்பாளர் பாரி பெக்கெட். வாசிப்பவர்கள் அதே பழைய கூட்டாளிகள். விசைப்பலகையில் பெக்கெட், டிரம்ஸில் ரோஜர் ஹாக்கின்ஸ், பேஸில் டேவிட் ஹுட், ரிதம் கிடாரில் ஜிம்மி ஜான்சன். பத்துப் பாடல்களுள் பெரும்பாலானவை ஹிண்டன் எழுதியவை. முதலில் காதில் மோதுவது குரல்தான். அது இனிமையான குரலன்று. தொண்டை கிழிந்து, மூச்சு இரைந்து, சொல்லின் கடைசி எழுத்து கரகரப்பில் பாதி கரைந்துபோகும் குரல். ஒரு வரியைத் தொடங்கும்போதே அதன் உச்சியில் தொடங்குவார். அதற்கு மேலே போக இடமில்லை என்று நாம் நினைக்கையில், அதே சொல்லை இரண்டாக உடைத்துத் திரும்பத் திரும்ப இடித்துச் சொல்லி, இன்னொரு படி ஏறிவிடுவார்.

இங்கேதான் சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் பெயர் வந்து சேர்கிறது. ஹிண்டனைப் பற்றி எழுதிய எவரும் இந்த ஒப்பீட்டைத் தவிர்த்ததில்லை, தவிர்க்கவும் முடியாது. ரெட்டிங்கின் சொல் உடைப்பும் திக்கிப் பாடும் உத்தியும் இவர் குரலில் வெளிப்படையாக இருக்கின்றன. ஆனால் இந்த ஒப்பீடே அவருக்குக் கேடாக முடிந்தது என்பது என் எண்ணம். நல்ல நகல் என்று சொல்லப்பட்டவுடன் ஒருவரைக் கேட்கவேண்டிய தேவை குறைந்துவிடுகிறது; அசல் இருக்கும்போது நகல் எதற்கு என்று அடுத்த இசைத்தட்டுக்குப் போய்விடுகிறோம். ஆல்பத்தில் உள்ள 'ஷவுட் பாமலாமா' பாடல் இந்த விவகாரத்தில் கவனிக்கத்தக்கது. அது ரெட்டிங் பாடியதுதான். ஆனால் உலகறிந்த ரெட்டிங் பாடல்கள் எத்தனையோ இருக்க, ஹிண்டன் எடுத்துக்கொண்டது அவர் பெயர் பெறுவதற்கு முன், 1960களின் தொடக்கத்தில், ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் பாணியை அப்படியே பின்பற்றிப் பாடிக்கொண்டிருந்த காலத்துப் பாடலை. ரெட்டிங் வளர்ந்ததும் லிட்டில் ரிச்சர்ட் பிறந்ததும் மேக்கன் நகரில். கேப்ரிகார்னை நிறுவியவர்களுள் ஒருவரான ஃபில் வால்டன் ரெட்டிங்கின் மேலாளராக இருந்தவர். நகல் என்று ஏசப்படக்கூடிய ஒருவர், அசல் எனப்பட்டவரே இன்னொருவரின் நிழலில் நின்று பாடிய பாடலை, அவர்கள் ஊர் நிறுவனத்துக்கே பாடிக் கொடுக்கிறார். திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, பதில் பொருத்தமான பதில்தான். பாடும் விதத்திலும் பணிவு இல்லை. பாடலைப் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார்.

ரெட்டிங்கிடமிருந்து ஹிண்டன் வேறுபடும் இடம் சொற்களில் இருக்கிறது. ரெட்டிங் பாடும்போது உணர்ச்சிப் பெருக்கில் வரி கரைந்துபோகும். ஹிண்டனின் தொண்டை எவ்வளவு கிழிந்தாலும் வரி கலைவதில்லை. யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பது கடைசிவரை தெளிவாக இருக்கும். பாடகர் உடைந்துபோயிருக்கும்போதும் பாடலாசிரியர் விழித்துக்கொண்டிருக்கிறார் எனலாம்.

கிடாரைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் கிடாரிஸ்டின் ஆல்பம் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறக்கூடும். நீளமான தனி வாசிப்புகளை இங்கே தேட வேண்டாம். குரல் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு தந்திகளைச் சேர்த்து நழுவவிடும் ஒரு சிறு சொற்றொடர், அடுத்த வரி தொடங்கும் முன் விலகிவிடும், அவ்வளவுதான். பெர்சி ஸ்லெட்ஜும் மேவிஸ் ஸ்டேப்பிள்ஸும் பாடும் கூடத்தில் கற்றுக்கொண்ட ஒழுக்கம் இது. ஒலி பளிச்சென்று இருக்கும், நரம்பைச் சற்றே வளைத்து உடனே விட்டுவிடுவார், ஒரே துணுக்கை அடுத்த முறை அதே இடத்தில் வைக்கமாட்டார். மற்றவர்களுடைய குரலுக்குக் கொடுத்த இடத்தைத் தம் குரலுக்கும் கொடுக்கத் தெரிந்திருந்தது என்பதே இந்த ஆல்பத்தின் வெற்றி. கிடார் தெரிந்த பாடகர்கள் பலருக்கு இது கைவருவதில்லை.

குறைகள் உண்டு. இரண்டு மூன்று பாடல்கள் தாளத்தையே நம்பி ஓடுகின்றன. வாசிப்பு குற்றமற்றது என்றாலும், 'பிரேக்ஃபஸ்ட் இன் பெட்' எழுதிய கை இவற்றில் ஓய்வெடுத்துக்கொண்டது போலிருக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை குரல் உச்சத்திலேயே இருப்பதால், ஒரே மூச்சில் முழு ஆல்பத்தையும் கேட்பவருக்குச் சிறிது அலுப்புத் தட்டலாம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தைக் கேட்டு நிறுத்திவிட்டு மறுபக்கத்தைப் பிறகு கேட்பதே நல்லது.

பின்னர் நடந்தவை வருத்தம் தருபவை. கேப்ரிகார்ன் மூடியபின் குடியும் மனநலச் சிக்கல்களும் ஹிண்டனை அலைக்கழித்தன. நண்பர்கள் கைகொடுத்ததால் 1980களில் மீண்டும் பாடத் தொடங்கினார்; 'லெட்டர்ஸ் ஃபிரம் மிசிசிப்பி' ஆல்பம் முதலில் வெளிவந்தது ஐரோப்பாவில். 1990களின் தொடக்கத்தில் மேலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1995 ஜூலை 28 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் மாரடைப்பால் காலமானார், வயது ஐம்பத்தொன்று. ஆயினும் வாழ்க்கையின் சோகத்தைக் கொண்டு இசையை எடைபோடும் வழக்கத்தை இவர் விஷயத்தில் விட்டுவிடலாம். 1978ஆம் ஆண்டின் பாடல்களில் கேட்பது தன் வேலையில் முழுத் தேர்ச்சி பெற்ற ஒருவரின் உற்சாகம்.

அவரை மறக்காமல் வைத்திருப்பவர்களும் அலபாமாக்காரர்களே. டேவிட் ஹுட்டின் மகன் பேட்டர்சன் ஹுட் நடத்தும் டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழு, 2011-இல் வெளியிட்ட 'கோ-கோ பூட்ஸ்' ஆல்பத்தில் ஹிண்டனின் 'எவ்ரிபடி நீட்ஸ் லவ்', 'வேர்ஸ் எடி' ஆகிய இரு பாடல்களையும் பாடியிருக்கிறது. ராக் ரசிகர்கள் அந்த வாசல் வழியாக வரலாம்.

மற்றவர்கள் நேராக 'வெரி எக்ஸ்ட்ரீம்லி டேஞ்சரஸ்' ஆல்பத்திலிருந்தே தொடங்கலாம். பழைய முதல் பதிப்பைத் தேடிப் பிடித்து அதிக விலை கொடுக்கத் தேவையில்லை, மறுவெளியீடுகளே போதுமானவை. அடுத்து, பிரிட்டனின் சேன் நிறுவனம் தொகுத்த 'டியர் யால்: த சாங்ரைட்டிங் செஷன்ஸ்' கேட்க வேண்டும், பிறருக்குக் கொடுப்பதற்காகப் பதிவுசெய்து வைத்த மாதிரிப் பதிவுகள் அதில் உள்ளன, ஆரவாரம் குறைந்த ஹிண்டனைக் கேட்க விரும்புபவர்களுக்கு அதுவே முதன்மையானதாகத் தோன்றினால் நான் மறுக்கமாட்டேன். 'லெட்டர்ஸ் ஃபிரம் மிசிசிப்பி' மூன்றாவது. அவர் மறைந்தபின் 1999-இல் வெளிவந்த 'ஹார்ட் லக் கை' ஆல்பத்தை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அதில் சிறந்த பாடல்கள் இருக்கின்றன என்றாலும், அவர் முடிக்காமல் விட்டதைப் பிறர் முடித்துக்கொடுத்த ஆல்பம் என்பதால், முதல் அறிமுகத்துக்கு ஏற்றதன்று.