சேமிப்புக்குக் கூட்டுறவுச் சங்கமா, வங்கியா?

இருபத்திரண்டு வருடமாகக் கோலாலம்பூர், செந்தூலில் ஒரு சின்னக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கி கையை விரித்தபோது, மூன்றே நாளில் கடன் கொடுத்தது இந்தச் சங்கம்தான். “நீங்க நம்ம ஆளுண்ணே, போய்ப் பிள்ளையைச் சேருங்க” என்றார் அன்றைய செயலாளர். அதை மறக்க முடியாது.

இப்போது நிலைமை வேறு. போன மாதம் என் சொந்தச் சேமிப்பில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) எடுக்க நான்கு முறை அலைந்தேன். ஒருநாள் கையெழுத்துப் போடுபவர் இல்லை. இன்னொரு நாள் மதியம் ஒரு மணிக்கே கதவில் பூட்டு. பாஸ்புக்கில் மார்ச் மாதத்துக்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை. பேனாவில் எழுதிய கடைசித் தொகைக்குக் கீழே வெறும் கோடுகள்தான். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை.

வங்கியில் இந்த அலைச்சல் கிடையாது. டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக நடுராத்திரியிலும் பணம் அனுப்பலாம். முக்கியமாக, மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம்.மில் உறுப்பாக உள்ள ஒரு வங்கியில் ஒருவர் போடும் வைப்புத்தொகைக்கு 250,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கு அது இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் வங்கியில் நான் வெறும் கணக்கு எண். சங்கத்தில் பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு; ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம்.

சரி, சேமிப்பை வங்கிக்கு மாற்றுகிறேன். பங்குப் பணம் சங்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அந்தப் பாஸ்புக்கையும் எடுத்துப் போகிறேன்.