ஜெனரேட் செய்த லைப்ரரியும் சர்வரும் முரண்பட்டால் எங்கே கைவைப்பது: கோடிலா, ஸ்பெக்கிலா?

ஓப்பன்ஏபிஐ ஸ்பெக் என்பது ஒரு சர்வரின் ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் வழி) எதை வாங்கும், எதை அனுப்பும் என்று மெஷின் படிக்கும்படி எழுதிய விவரம். அதிலிருந்து ஜெனரேட் செய்த லைப்ரரி கம்பைல் ஆவதால் மட்டும் சர்வரோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. லைப்ரரிக்குத் தெரிந்தது ஸ்பெக் மட்டும்தான். பிசகு தெரிந்தபின் மூன்று வழிகள் உண்டு: ஜெனரேட் ஆன கோடையே திருத்தலாம், எல்லாவற்றையும் கையால் எழுதலாம், அல்லது ஸ்பெக்கைத் திருத்தி மறுபடி ஜெனரேட் செய்யலாம். நாகர்கோவிலில் இருந்து ரப்பர், பூ வியாபாரிகளுக்குச் செய்யும் பில்லிங் வேலைக்கு நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி.

முதலில் பிசகு வரும் இடங்கள். ரப்பர் ஷீட்டின் தரத்துக்கு ஸ்பெக்கின் எனம் பட்டியலில் (அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) ஆர்எஸ்எஸ் (புகையிட்ட ஷீட்) 1 முதல் 5 வரை மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். சர்வர் ஒருநாள் ‘ஒட்டுப்பால்’ என்று அனுப்பினால் ஜாவா கிளையன்ட் (நம் பக்கத்து லைப்ரரி) அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதைப் படிக்காது. மொத்த ரெஸ்பான்ஸும் போய்விடும். தெரியாத மதிப்பை ஏற்கும் ஆப்ஷன் ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டரில் உண்டு, ஆனால் நாமாக ஆன் செய்ய வேண்டும்.

அடுத்தது பூஜ்யம். ஈரக்கழிவை (ஈரத்துக்காக எடையில் கழிக்கும் பங்கு) 2 சதவீதத்திலிருந்து 0 ஆக்கி அனுப்புகிறீர்கள். கோ மொழியில் ‘ஆம்னிஎம்ப்டி’ (காலியாக இருந்தால் அனுப்பாதே) போட்ட சாதாரண எண் புலம் என்றால் அந்த 0 போய்ச் சேராது. சர்வரில் பழைய 2 அப்படியே நிற்கும், எரரும் வராது. சில ஜெனரேட்டர்கள், ‘மதிப்பு இல்லை’ என்பதையும் 0 என்பதையும் பிரித்துக் காட்டும் பாயின்டர் வைத்து இதைத் தவிர்க்கின்றன. கூகுளின் கோ லைப்ரரிகளில் இதற்கென்றே ‘ஃபோர்ஸ்சென்ட்ஃபீல்ட்ஸ்’ இருக்கிறது.

நேரம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றும். ஸ்பெக் ‘டேட்-டைம்’ (நேர மண்டலத்தோடு எழுதிய தேதியும் நேரமும்) என்கிறது, சர்வரோ +05:30 இல்லாமல் இந்திய நேரத்தை அனுப்புகிறது. கோ உடனே எரர் தரும், அது நல்லது. ஜாவாஸ்கிரிப்ட் அதை அந்த மெஷினின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் லேப்டாப்பில் எல்லாம் சரி. யுடிசி-யில் (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) ஓடும் கிளவுட் சர்வரில் தோவாளைப் பூச்சந்தையின் அதிகாலை 3 மணி பில் 8.30 ஆகிவிடும், மாலை 6.30-க்குப் பிந்தைய பில்கள் மறுநாள் கணக்கில் விழும்.

கோடிலேயே திருத்துவது அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த ஜெனரேட்டில் அழிந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். திருத்திய ஃபைலின் பெயரை ‘ஓப்பன்ஏபிஐ-ஜெனரேட்டர்-இக்னோர்’ ஃபைலில் சேர்த்தால் அழியாது. ஆனால் திருத்திய ஃபைலுக்கு இனிப் புதுப் புலங்களும் வராது.

எங்களைப் பொறுத்தவரை பராமரிப்புதான் முடிவைத் தீர்மானித்தது. ஏபிஐ-காரர் கொடுத்த ஸ்பெக்கைத் தொடாமல் ஒரு ஃபைலாக வையுங்கள். அது யாமல் வடிவில் இருந்தால் ஜேசன் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திருத்தங்களைத் தனி ஜேசன் பேட்ச் ஃபைலில் (ஜேசனில் எங்கே எதை மாற்ற வேண்டும் என்ற வரிசை) எழுதுங்கள். அதன் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 6902-இல் உள்ள ‘டெஸ்ட்’ என்ற ஆபரேஷனைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால், ‘இந்த எனம் பட்டியல் இப்போது இப்படித்தான் இருக்கிறது’ என்று ஒரு டெஸ்ட் வையுங்கள். அடுத்த வரியில் எனமையே நீக்கி வெறும் ஸ்ட்ரிங் ஆக்குங்கள். ஏபிஐ-காரர் நாளை அந்தப் பட்டியலை மாற்றினால் டெஸ்ட் தோற்று பேட்ச் மொத்தமும் நின்றுவிடும், பில்டும் நிற்கும். நம் திருத்தம் இன்னும் தேவையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கையால் திருத்திய கோடு இந்தத் தகவலை ஒருநாளும் சொல்லாது.

நேரத்துக்கு ஸ்பெக்கில் ‘ஃபார்மேட்’டை எடுத்துவிட்டு, +05:30 சேர்ப்பதை மேலே ஒரு மெல்லிய ராப்பரில் (லைப்ரரியைச் சுற்றி நாமே எழுதும் கோடு) செய்யுங்கள். ஜெனரேட் ஆன ஃபோல்டரில் யாரும் கைவைக்கக் கூடாது. ஜெனரேட்டரின் வெர்ஷனையும் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பெக் மாறாமலேயே மெத்தட் பெயர் மாறக்கூடும். நல் (மதிப்பே இல்லை) வரும் புலத்துக்கு ஓப்பன்ஏபிஐ 3.0 ஸ்பெக்கில் ‘நல்லபிள்’ போதும். 2021-இல் வந்த 3.1-இல் அது கிடையாது. டைப் பட்டியலிலேயே நல் சேர்க்க வேண்டும்.

பிசகுகளைத் தேட, சர்வரின் பதில்களை ஸ்பெக்கோடு ஒப்பிடும் ப்ரிஸம் என்ற கருவியை ப்ராக்ஸியாக நடுவில் வைத்து, டெஸ்ட் அக்கவுண்டில் ஒவ்வொரு எண்ட்பாயின்டையும் (ஏபிஐ-யின் ஒவ்வொரு முகவரியையும்) ஓட்டிப் பாருங்கள். 422 (அனுப்பிய தகவல் செல்லாது) போன்ற எரர் பதில்களையும் வேண்டுமென்றே வரவழையுங்கள், ஸ்பெக்குகள் பெரும்பாலும் வெற்றியைக் குறிக்கும் 200-ஐ மட்டுமே ஒழுங்காக எழுதியிருக்கும்.

கையால் எழுதுவதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அஞ்சாறு எண்ட்பாயின்ட், ஒரே மொழி, மாறாத ஏபிஐ என்றால் அதுவே எளிது. இருபது முப்பதைத் தாண்டினால் ஸ்பெக் வழியே மேல் என்பது எங்கள் அளவிலான வேலையை வைத்துச் சொல்வது. நூற்றுக்கணக்கில் போனால் பேட்ச் ஃபைலே பெருத்துவிடும், அங்கே கணக்கு மாறலாம். பேட்ச் நாற்பது ஐம்பது திருத்தங்களைத் தொட்டால், அதை அப்படியே ஏபிஐ-காரருக்கு அனுப்பி ஸ்பெக்கைச் சரிசெய்யச் சொல்லுங்கள். எந்தப் புலம், எந்த மதிப்பு என்று அதில் ஏற்கெனவே எழுதியிருப்பதால் தனியாக விளக்க வேண்டியதில்லை.