திருச்சில கொலோனோஸ்கோபி: அக்கா பையனுக்கு வந்தது என் வியாதி இல்ல

இந்த தடவ டொரான்டோலேர்ந்து ஊருக்குப் போனதுல பாதி லீவு ஆஸ்பத்திரிலயே போச்சு. அக்கா பையனுக்கு மாசக்கணக்கா மோஷன்ல ரத்தமும் சளியும், போயிட்டு வந்து உக்காரக்கூட முடியாம திரும்ப ஓடுறான், ஒரு க்ளினிக்ல உள்ள எதுவும் பாக்காமலே மூலம்னு சொல்லி ஆயின்மென்ட் குடுத்து அனுப்பிட்டே இருந்திருக்காங்க, பையன் எலும்பும் தோலுமா இருக்கான். எனக்கு க்ரோன்ஸ்னு நாள்பட்ட குடல் அழற்சி வியாதி இருக்கறதால அம்மா "மாமனுக்கு வந்ததுதான் மருமகனுக்கும்"னு முடிவே கட்டிட்டாங்க.

கேஸ்ட்ரோ டாக்டர், அதாவது வயிறு குடல் ஸ்பெஷலிஸ்ட், அப்பாயின்ட்மென்ட் மறுநாளே கெடச்சுது. கனடால ஃபேமிலி டாக்டர் எழுதிக் குடுத்து ஸ்பெஷலிஸ்ட பாக்கறதுக்குள்ள மாசங்கள் ஓடிடும், இந்த விஷயத்துல நம்மூர் எவ்வளவோ மேல். மொதல்ல மோஷன்ல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட், குடல்ல அழற்சி இருந்தா அது ஏறும், வெறும் ஐபிஎஸ்னா, அதாவது அழற்சி இல்லாம வயித்துவலியும் மோஷன் கோளாறும் மட்டும்னா, பெரும்பாலும் நார்மலாதான் இருக்கும். இவனுக்கு எக்கச்சக்கம். உடனே ஸ்கோப்புக்கு, அதாவது ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டு குடலப் பாக்கற கொலோனோஸ்கோபிக்கு எழுதிட்டாரு. ஆனா அந்த ஸ்கோப் சென்டர்ல குடல் சுத்தமாக பவுடர் கலந்த தண்ணியக் குடிச்சுட்டு வந்து உக்காந்திருக்கற அத்தன பேருக்கும் ஒரே ஒரு டாய்லெட், வயசானவங்க கதவத் தட்டிட்டு நிக்கறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு, இத அவங்க கண்டிப்பா மாத்தணும்.

ஸ்கோப் முடிஞ்சதும் டாக்டர் ப்ரிஸ்க்ரிப்ஷன் பின்னாடி பெருங்குடல வரைஞ்சு, மலக்குடல்ல ஆரம்பிச்சு இடப்பக்கம் மேல வரைக்கும் பேனாவ எடுக்காம கோடு போட்டாரு. "நடுவுல கேப்பே இல்ல பாருங்க, இது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்." அது பெருங்குடல்ல மட்டும்தான், அதுவும் உள்சவ்வுல. என்னோடது வாய்லேர்ந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வரும், திட்டுத்திட்டா, குடல் சுவர் முழுக்க ஆழமா எறங்கும், அதனாலதான் க்ரோன்ஸ்ல குடல் சுருங்கறது, பௌத்திரம் எல்லாம். ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு இது, இன்னொருத்தருக்கு அதுன்னு வர்றது உண்டாம். மருந்தும் வேற, அவனுக்கு மெசலமைன் மாத்திரையும் ராத்திரில எனிமாவும், க்ரோன்ஸுக்கு மெசலமைன் பெருசா கேக்காது, எனக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ட்ரிப் போடறாங்க. பெருங்குடல முழுசா எடுத்துட்டா கொலைட்டிஸ் போயிடும், க்ரோன்ஸ்ல வெட்டி தைச்ச எடத்துக்குப் பக்கத்துலயே திரும்ப வர்றது சகஜம்.

எனக்கு ரொம்ப நிம்மதி குடுத்தது, ஸ்கோப்ப சிறுகுடல் கடைசி வரைக்கும் விட்டுப் பாத்து, ஒவ்வொரு எடத்துலயும் சதை எடுத்து தனித்தனி பாட்டில்ல எழுதிப் போட்டது. ஏன்னா நம்மூர்ல குடல் டிபி க்ரோன்ஸ் மாதிரியே இருக்கும், ரெண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற எடத்தத்தான் பிடிக்கும். டிபிய க்ரோன்ஸ்னு நெனச்சு ஸ்டீராய்டு குடுத்தா டிபி பரவிடும், க்ரோன்ஸுக்கு டிபி மாத்திரை குடுத்தா மாசங்கள் வீணாப் போய் குடல் இன்னும் கெடும். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பொண்ணுக்கு பயாப்ஸிலயும் தெளிவா வரல, டிபி மருந்து ரெண்டு மூணு மாசம் குடுத்து திரும்ப ஸ்கோப் போட்டு புண்ணு ஆறிச்சான்னு பாக்கப் போறாங்க, பாவம், அதுவரைக்கும் பேரே தெரியாத வியாதியோட இருக்கணும்.

பையனுக்கு இப்ப ரத்தம் நின்னுடுச்சு. நின்னுடுச்சுன்னு எனிமாவ விட்றக்கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிருக்காரு, தலவலிக்கு கடைல ஐப்ரூஃபென் வாங்கிப் போடவும் கூடாது. பயாப்ஸி ஸ்லைடையும் பிளாக்கையும் (எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வெச்சது) லேப்லேர்ந்து கேட்டு வாங்கி பத்திரமா வெக்கச் சொல்லி அக்காகிட்ட குடுத்துட்டு வந்தேன், நாளைக்கு சென்னைல இன்னொரு டாக்டர்கிட்ட கேக்கணும்னா வெறும் ரிப்போர்ட் பேப்பர் போதாது.