கறி வெந்ததா என்று அறிய விசிலா, கத்தியா, வெப்பமானியா?

மேட்டுப்பாளையத்தில் சமைத்துப் பழகியவர்கள் ஊட்டிக்குக் குடிவந்ததும் சொல்லும் முதல் குறை, கறி வேகவே மாட்டேன் என்கிறது என்பதுதான். குற்றம் கறியில் இல்லை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தளதளத்தாலும் திறந்த சட்டியில் குழம்பின் சூடு அதற்கு மேல் பெரிதாக ஏறாது. கோழியின் உட்சதை 74 டிகிரியைத் தொட்டால் போதும் என்பதால் இதில் ஆபத்தில்லை, நேரம்தான் கூடுதலாகும். ஆனால் கீழ்நாட்டுக் கணக்கில் அடுப்பை அணைத்தால் ஆபத்துதான்.

குழம்புக்கு என் ஓட்டு குக்கருக்கே. அழுத்தத்தால் உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். ஊட்டியில் அது சமவெளியைவிடச் சில டிகிரி குறையும். ஒரு விசில் கூட்டினால் சரியாகிவிடும். இதற்காக வெப்பமானி வாங்க வேண்டாம்.

கத்தியால் குத்தி, வடியும் நீர் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். இளங்கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிவதால், நன்றாக வெந்த பிறகும் சதை சிவந்து தெரியும். கொத்துக்கறி உருண்டையோ தனக்குத் தேவையான 71 டிகிரியை எட்டுவதற்கு முன்பே பழுப்பு நிறம் காட்டி ஏமாற்றும். சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் சொல்லும். முழுக்கோழியில் மார்பு வெந்தும் தொடை வேகாமல் இருக்கும். போன டிசம்பரில் ஓவனில் வைத்த கோழி, தோல் பொன்னிறமாக முறுகியிருந்தது. தொடையில் வெப்பமானி காட்டியது 61. அன்று கண்ணை நம்பியிருந்தால் குழந்தைகளுக்கு அதைத்தான் பரிமாறியிருப்பேன்.

வெப்பமானியிலும் டயல் வகையைவிட டிஜிட்டலே மேல். டயல் ஊசி ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே போனால்தான் சரியாகக் காட்டும். கோழிக்காலில் அவ்வளவு சதை ஏது? டிஜிட்டல் நுனியிலேயே அளந்துவிடும். தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி மேல்தோலின் சூட்டை மட்டுமே சொல்லும், கறிக்கு உதவாது. எதுவானாலும் ஊசி எலும்பைத் தொடாமல், தடித்த சதையின் நடுவில் நிற்க வேண்டும்.

வாங்கியதும் கொதிநீரில் வைத்துச் சோதித்து, 100 காட்டவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஊட்டியில் அது 92, 93 காட்டினால்தான் ஒழுங்கான கருவி. நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் வையுங்கள். மலையிலும் சமவெளியிலும் அங்கே 0 காட்ட வேண்டும்.