ஸ்டோரேஜ் கட்டிலோடு ஆறு வருடம்

போன வாரம் ஒரு தோழி கூப்பிட்டாள். இங்கே சிங்கப்பூரில், தெங்கா வட்டாரத்தில் புது வீட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது, அவளுக்கு நான்காவது மாதமும் கூட. "அக்கா, உங்க வீட்டுல இருக்கிற மாதிரி தூக்குற கட்டில் ஒண்ணு வாங்கலாமா? குழந்தை சாமான் எல்லாம் உள்ள போயிடும்ல?" என்று கேட்டாள். வாங்கு என்று சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்புதான் அதே கட்டிலைப் பழுதுபார்க்க 160 வெள்ளி கொடுத்திருக்கிறோம். வயிற்றில் பிள்ளையோடு கேட்கிறவளுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கக் கூடாது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

மெத்தையோடு மேல்தட்டைத் தூக்கினால் அடியில் பெட்டி மாதிரி இடம் இருக்கும் கட்டில் இது. எங்களுடையது குவீன் அளவு, கால்மாட்டிலிருந்து தூக்குவது, தட்டைத் தாங்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேஸ் பிஸ்டன். 2019 கடைசியில் செங்காங்கில் இந்த நான்கறை வீட்டுக்குக் குடிவந்தபோது வாங்கினோம். உள்ளே இருக்கும் இடத்தை இப்போதுதான் டேப் பிடித்து அளந்தேன். நீளம் 180 சென்டிமீட்டர், அகலம் 140, ஆழம் 25. கணக்குப் போட்டால் 630 லிட்டர்.

அந்த 630 லிட்டர் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கறை வீட்டில் மூன்று படுக்கையறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று மகளுக்கு, மூன்றாவதில் என் கணவர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். ஊரிலிருந்து யாராவது வந்தால் அங்கேதான் படுக்கை. பாம் ஷெல்ட்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் சின்னப் பாதுகாப்பு அறையில், பயணப் பெட்டிகளும் அரிசி மூட்டையும் தீபாவளிச் சாமானும் போக, கதவை மூடுவதே பெரும்பாடு. மூத்தவள் 2021இல் பிறந்தாள். அவளுக்குச் சின்னதாகிப்போன ஒவ்வொன்றையும் துவைத்து, காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு பை என்று கட்டி, மேலே மார்க்கரால் எழுதி இந்தக் கட்டிலுக்குள்தான் வைத்தேன். தொட்டில் துணி, பால் பம்ப், பாட்டில்கள், மல்மல் துண்டுகள், கொசுவலை, எல்லாம்.

இப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. இந்த முறை இருபத்தெட்டாவது வாரத்தில் அவர் மேல்தட்டைத் தூக்கிப் பிடிக்க, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பையாகப் பிரித்தேன். 0–3 என்று எழுதிய பையில் மூத்தவளின் கையுறைகள் இருந்தன, ஒவ்வொன்றும் என் இரண்டு விரல் அகலம். அவளே பக்கத்தில் நின்று, "இது என் கையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று மட்டும் இரண்டு மணி நேரம் அந்த அறையிலேயே இருந்தோம். புதிதாக வாங்க வேண்டியவை என்று கடைசியில் எழுதியது ஐந்தே பொருள்: டயப்பர், தொட்டிலுக்கு மெத்தை, பாட்டில் காம்பு, எனக்கு இரண்டு உள்ளாடை, ஒரு தெர்மாமீட்டர். முதல் பிள்ளைக்கு நாங்கள் வாங்கிக் குவித்ததை நினைத்தால் நம்பவே முடியவில்லை. அந்த நிம்மதியைக் கொடுத்தது இந்தக் கட்டில்தான், மறுக்க மாட்டேன்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டி வைக்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்த சட்டைகளின் கழுத்தில் மஞ்சள் கறை வந்திருந்தது. பாலின் கொழுப்பு துணியில் தங்கி நாள்பட நாள்பட மஞ்சளாகிவிடுகிறது. ஆக்சிஜன் பிளீச்சில் ஓர் இரவு ஊறவைத்ததும் முக்கால்வாசி போய்விட்டது.

சரி, இப்போது மற்றதைச் சொல்கிறேன்.

இந்தக் கட்டிலைத் திறக்க வேண்டுமென்றால் அதன்மேல் யாரும் படுத்திருக்கக் கூடாது. கடையில் பார்க்கும்போது இது ஒரு குறையாகவே தெரியாது. காலையில் எழுந்த பிறகு திறந்துகொள்ளலாமே என்று நானும் நினைத்தேன். பிள்ளை பெற்ற வீட்டில் 'எழுந்த பிறகு' என்று ஒரு நேரமே கிடையாது. ராத்திரியும் பகலும் அந்தக் கட்டிலில் யாரோ ஒருவர் படுத்தேதான் இருப்பார்கள், பெரும்பாலும் பெற்றவள்தான்.

2021இல் எனக்கு அறுவை சிகிச்சை. கோவிட் கட்டுப்பாட்டினால் அம்மாவால் ஊரிலிருந்து வர முடியவில்லை. அத்தைதான் பார்த்துக்கொண்டார், அவருக்கும் இடுப்பு வலி. என் கணவருக்கு அப்போது இரண்டே வாரம் விடுப்பு, முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். மூன்றாவது வாரம் ஒரு நாள் மதியம், இரண்டு நாளாக விடாத மழை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. குழந்தை பால் கக்கிக்கொண்டே இருக்கிறாள். நான் கிழித்து மடித்து அடுக்கிய பழைய பருத்திச் சேலைத் துண்டுகள் இருபதுக்கு மேல் கட்டிலுக்குள் இருக்கின்றன. நானோ தையலோடு அதன்மேல் படுத்திருக்கிறேன். அறை சின்னது, தொட்டில் போட இடம் கால்மாட்டில் மட்டும்தான். அதாவது கட்டிலைத் தூக்க ஆள் நிற்க வேண்டிய அதே இடம். ஒரு துண்டுத் துணிக்காக நான் எழுந்து, அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையோடு தொட்டிலை நகர்த்தி, தலையணையும் போர்வையும் இறக்கி, அப்புறம் மெத்தையோடு தூக்க வேண்டும். குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தை தூக்கிப் பார்த்தார், ஒரு சாண் எழும்பியது, "முடியலம்மா" என்று விட்டுவிட்டார். கடைசியில் என் கணவருடைய புது வேட்டியைக் கிழித்தோம். முதுகுக்குக் கீழே ஒரு முழத்தில் துணி இருந்தும் எடுக்க முடியாமல் அன்று நான் அழுதேன். அந்த மதியத்தை நான் மறக்கவில்லை.

பழுதான கதைக்கு வருகிறேன். இருபத்தொன்பதாவது வாரம், சனிக்கிழமை. தலைமாட்டுப் பக்கம் வைத்த பொருளை எடுக்க வேண்டுமென்றால் பாதி உடம்பை உள்ளே விட வேண்டும், கை எட்டாது. அவர் அப்படித்தான் குனிந்திருந்தார். மேலே நின்ற தட்டு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. பாதி வழியில் திடீரென்று வேகம் பிடித்து அவர் தோளில் விழுந்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை மகள் பொம்மையோடு அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குடிக்க என்னிடம் வந்ததால் கை தப்பியது. அவர் தோள் பத்து நாள் நீலமாக இருந்தது. அந்தச் சத்தம் கேட்டு வயிற்றில் இருந்தவன் துள்ளியதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

வாங்கிய கடைக்குப் போன் செய்தோம். பிஸ்டனுக்கு ஒரு வருட உத்தரவாதம்தான், உதிரிப் பாகம் வைத்திருப்பதில்லை, புதுக் கட்டில் எடுத்தால் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். வேறு இடத்தில் விசாரித்துப் பழுதுபார்ப்பவர் ஒருவரைப் பிடித்தோம். அவர் கழற்றிக் காட்டிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த உருளைக்குள் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வாயு இருக்கிறது, தட்டைத் தூக்கி நிறுத்துவது அதுதான். தண்டு உள்ளே போய்வரும் வாயில் உள்ள ரப்பர் தேய்ந்தால் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எங்கள் பிஸ்டனின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு வழிந்திருந்தது, அதுவே அடையாளமாம். குழாய்மேல் 800N, அதாவது 800 நியூட்டன், என்று அச்சடித்திருந்தது. ஏறத்தாழ 80 கிலோ எடையைத் தாங்கும் விசை, ஆனால் பிஸ்டன் கீலுக்குப் பக்கத்தில் இருப்பதால் கால்மாட்டில் கிடைப்பது அதில் சிறு பங்குதான். "மெத்தை மாத்துனீங்களா?" என்று கேட்டார். மாற்றினோம். முதலில் இருந்தது 22 கிலோ நுரை மெத்தை. 2023இல் என் முதுகு வலிக்காக ஸ்பிரிங் மெத்தை வாங்கினோம், 40 கிலோ. விற்றது இதே கடைதான். எந்தக் கட்டிலில் போடப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து பொருத்தியதும் அவர்கள் ஆள்தான். இந்த எடை அந்தப் பிஸ்டனுக்கு அதிகம் என்று ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கோபம் பிஸ்டன்மேல் இல்லை, அந்த ஒரு வார்த்தைமேல்தான்.

எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். ஐந்து மாதமாகவே தட்டு முழு உயரத்தில் நிற்கவில்லை. ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் எடுத்துச் சமாளித்தோம். கீலுக்கு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று என் கணவர் சொன்னார், நானும் நம்பினேன். தட்டு தானாக இறங்கினால் அன்றே உபயோகத்தை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். பிஸ்டனை ஒன்றாக மாற்றக் கூடாது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் தட்டு ஒரு பக்கமாகத் திருகும். இப்போது 1200N ஜோடி போட்டிருக்கிறோம். முதல் வாரம் மூடுவதற்கு அவர் உட்கார்ந்தே அழுத்த வேண்டியிருந்தது. இவ்வளவு விசை இருக்கும்போது மெத்தையை எடுத்துவிட்டுத் திறந்தால் தட்டு துள்ளி எழும்பும், அதையும் பழுதுபார்த்தவர் எச்சரித்துவிட்டுப் போனார். எப்படியிருந்தாலும் ஒரு கட்டையை முட்டுக்கொடுக்காமல் இனி யாரும் உள்ளே தலையை விடக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

ஈரப்பதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், மூடிய கட்டிலுக்குள் பூஞ்சணம் வரத்தான் செய்யும். ஈரம் உறிஞ்சும் டப்பா நான்கு வைத்தேன், தோல் செருப்பு ஒரு ஜோடியைத் தவிர வேறெதுவும் கெடவில்லை. ஆனால் அந்துருண்டை விஷயத்தை அவசியம் சொல்ல வேண்டும். துணி கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் அத்தை இரண்டு பையில் அந்துருண்டை போட்டிருந்தார். பிரித்ததும் மூக்கில் ஏறியது. ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலின் ஆகவே ஆகாது. சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். சிங்கப்பூரில் 1965இலிருந்தே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பரிசோதிக்கிறார்கள். மூத்தவளுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் இது ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வருவது, வரப்போகிறவன் பையன். முடிவு தெரியும்வரை அந்த இரண்டு பையும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம் என்று அத்தையிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முகம் வாடியது. பிறகு அவரே பையை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

இந்த முறை ஏற்பாட்டையே மாற்றிவிட்டேன். முதல் மூன்று மாதத்துக்கு வேண்டியது ஒன்றும் கட்டிலுக்குள் கிடையாது. என் அலமாரியின் நடுத்தட்டு இரண்டையும் காலி செய்து, குனியாமலும் எக்காமலும் எடுக்கும்படி அடுக்கியாயிற்று. கட்டிலுக்குள் கால்மாட்டுப் பக்கம் 3–6, நடுவில் 6–12, தலைமாட்டில் ஒரு வயசுக்கு மேல். எது எங்கே என்று படம் வரைந்து அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கிறோம். மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்த கோப்பையும் வெளியே எடுத்துவிட்டேன். சின்னவனுக்கு அந்தக் கவலையே இல்லை, 2022 மே 29 முதல் சான்றிதழ் மின்னிலக்கத்தில்தான். 2025 ஏப்ரலிலிருந்து அப்பாக்களுக்கு விடுப்பு நான்கு வாரமாகிவிட்டதால் தூக்கிக் கொடுக்க அவரும் கூடுதல் நாள் இருப்பார். அது முடிந்த பிறகு யார் தூக்குவது என்பதை வைத்துத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

ஆகவே தங்கச்சி, போனில் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். வாங்காதே. 630 லிட்டர் என்று மேலே நான் எழுதியது அத்தனையும் உண்மை, எங்கள் கட்டிலை நாங்கள் விற்கப் போவதும் இல்லை. ஆனால் முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு சுத்தமாக வரவில்லை. சாதாரணக் கட்டிலும் கை எட்டும் உயரத்தில் ஓர் அலமாரியும் போதும். முன்பணம் கட்டியாயிற்று என்றால் பக்கவாட்டில் தூக்குவதாக மாற்றித் தரச் சொல்; கால்மாட்டில் தொட்டில் போடலாம். பிஸ்டன் எத்தனை நியூட்டன், எத்தனை கிலோ மெத்தை வரை தாங்கும் என்று பில்லில் எழுதி வாங்கு. வாயால் சொல்வதை நம்பாதே.

அம்மா இந்த முறை வருகிறார், டிக்கெட் போட்டாயிற்று. சுக்கு, திப்பிலி, பிரசவ மருந்தோடு மென்மையான பழைய சேலை பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறாராம். அதற்கு அலமாரியில் கைக்கு எட்டும் தட்டு ஒன்றைக் காலியாக விட்டிருக்கிறேன்.