அதே சதுர அடியில் மூன்றாவது பெட்ரூம் என்றால், முதலில் அப்ரூவ்டு பிளானைக் கேளுங்கள்

சென்னையில் ஃப்ளாட் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? "கொஞ்சம் சேர்த்துப் போட்டா அதே சதுர அடியில த்ரீ பெட்ரூமே கிடைக்கும் சார்" என்று யாராவது சொன்னார்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த வாக்கை வைத்துத்தான் எங்களுக்கு விற்றார்கள். கைக்கு வந்ததோ இரண்டு சின்ன பெட்ரூமும் ஒரு சாமான் அறையும்.

மேடவாக்கம் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டம். விவகாரம் இப்போது ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், இருப்பதால் பில்டரின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே மாடியில், ஒரே 1,080 சதுர அடியில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். டூ பெட்ரூமில் மாஸ்டர் பெட்ரூம் 11க்கு 13½ அடி, இரண்டாவது 11க்கு 12, ஹால் 11 அடி அகலம். த்ரீ பெட்ரூமில் மாஸ்டர் 10க்கு 11, இரண்டாவது 10க்கு 10, மூன்றாவது 8½க்கு 9, ஹாலும் ஓர் அடி குறுகியது. இதற்குச் சதுர அடிக்கு 250 ரூபாய் கூடுதல் விலை. அதே பரப்புக்கு, அதே பிரிபடாத நிலப் பங்குக்கு (கட்டடம் நிற்கும் மனையில் நமக்குச் சேரும் பங்கு), 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் அதிகம்.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படுக்க ஓர் அறை வேண்டும் என்பதற்காகத்தான் மூன்றாவது பெட்ரூம். இதை விற்பனை மேலாளரிடம் விளக்கமாகவே சொன்னோம். "அம்மாவுக்குத் தாராளமாப் போதும் சார். பின்னாடி வேணாம்னா நடுச்சுவரை எடுத்துட்டு ஹாலோட சேர்த்துக்கலாம்" என்றார். இந்த இரண்டு வாக்கியமுமே பொய்.

வங்கிக்கடனுக்கு மதிப்பீடு செய்ய வந்த பொறியாளர்தான் முதலில் விஷயத்தை உடைத்தார். கையில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அனுமதித்த வரைபடம் வைத்திருந்தார். எங்கள் மூன்றாவது பெட்ரூம் அதில் 'ஸ்டோர்' என்று குறிக்கப்பட்டிருந்தது. பிரவுச்சரில் கட்டில், மேசை, ஜன்னலோரம் செடி எல்லாம் வரைந்து 'பெட்ரூம் 3' என்று போட்டிருந்த அதே அறை. மேலாளரிடம் கேட்டால், "அது அப்ரூவலுக்காக அப்படிப் போடுறது சார், எல்லா பில்டரும் செய்றதுதான்" என்று பதில். டூ பெட்ரூமுக்கு மாற்றித் தரச் சொன்னோம். விற்றுத் தீர்ந்துவிட்டது என்றார். வேண்டாம் என்றால் முன்பணத்தில் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவோம் என்றும் சொன்னார்.

ஏன் ஸ்டோர் என்று போடுகிறார்கள் என்பது பிறகு புரிந்தது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மனிதர் வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச அளவு சொல்கிறது. இரண்டு அறை இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டருக்குக் குறையக் கூடாது. 7.5 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 81 சதுர அடி. பிரவுச்சரில் இருக்கும் 8½க்கு 9 கணக்கே 76½ சதுர அடிதான். வசிக்கும் அறை என்று காட்ட முடியாததைச் சாமான் அறை என்று காட்டி அனுமதி வாங்கி, பெட்ரூம் என்று விலை போட்டு விற்றிருக்கிறார்கள்.

சாவி கிடைத்த அன்று அளவு நாடா வைத்துப் பார்த்தோம். உள்ளே 8 அடிக்கு 8½தான் இருந்தது. பிரவுச்சர் அளவு சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு எடுத்ததாம். மூன்றடி அகலக் கட்டிலும் இரண்டடி ஆழ அலமாரியும் போட்டால் நடுவில் மிச்சம் மூன்றடி. கதவு உள்பக்கம் திறப்பதால் அதிலும் பாதி போய்விடுகிறது. அம்மாவின் வாக்கர் திரும்ப இடமில்லை. ஜன்னல் திறப்பது பக்கத்து ஃப்ளாட்டின் கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் டக்டுக்குள். காற்று வராது, வாடை வரும். அம்மா இப்போது ஹாலில் படுக்கிறார். இரவு யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவருக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. "எனக்கு இதுவே போதும்ப்பா" என்கிறார். அதைக் கேட்கும்போதுதான் கோபம் அதிகமாகிறது.

சரி, சுவரையாவது எடுத்து ஹாலைப் பெரிதாக்கலாம் என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டினோம். தட்டிப் பார்த்தவுடனே கைவைக்கக் கூடாது என்றுவிட்டார். மைவான் முறையில் கட்டிய கட்டடம் அது. அலுமினிய அச்சுப் பொருத்தி, சுவரையும் கூரைத் தளத்தையும் ஒன்றாக கான்கிரீட் ஊற்றி எழுப்புவார்கள். செங்கல்லோ ஏ.ஏ.சி. என்ற எடை குறைந்த கான்கிரீட் பிளாக்கோ வைத்துக் கட்டிய தடுப்பாக இருந்தால் பொறியாளர் யோசனையோடு எடுக்க வாய்ப்புண்டு. மைவானில் அந்தச் சுவரே மேல்மாடியின் பாரத்தைத் தாங்குகிறது. 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும், கட்டுமானம் எந்த முறை என்று எழுத்தில் கேளுங்கள்.

மாடல் ஃப்ளாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே அந்த அறை விசாலமாகத்தான் தெரிந்தது. பிறகு நாடாவோடு போய் அளந்தோம். கட்டிலின் நீளம் ஐந்தரை அடி! கடையில் விற்கும் கட்டில் ஆறேகால், ஆறரை அடி இருக்கும். அறைகளுக்குக் கதவே மாட்டவில்லை. ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவே கண்ணாடி. அலமாரி இருக்கவேண்டிய இடத்தில் ஓவியம். ஆகவே மாடல் ஃப்ளாட்டுக்குப் போகும்போது நாடா எடுத்துப் போங்கள், கட்டிலையும் அளங்கள்.

அறைகளைக் கூட்டினால் இடம் எங்கே காணாமல் போகிறது என்பதையும் யோசியுங்கள். ரெரா சட்டத்தின்படி கார்ப்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் தரைப்பரப்பில், வெளிச்சுவர், பால்கனி, டக்ட் எதுவும் சேராது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். பில்டர் உள்ளே எத்தனை சுவர் எழுப்பினாலும் கார்ப்பெட் ஏரியா எண் குறையாது, நமக்குக் காலடி இடம்தான் குறையும். ஒரு பெட்ரூம் கூடினால் ஒரு சுவர், ஒரு கதவு திறக்கும் இடம், அங்கே போக ஒரு நடை, எல்லாமே ஹாலிலிருந்தும் மற்ற அறைகளிலிருந்தும்தான் எடுக்கப்படும்.

என் கருத்து இதுதான். கூடுதல் பெட்ரூமோடு கார்ப்பெட் ஏரியாவும் கூடுகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். பெரியவர்களோ வளர்ந்த பிள்ளைகளோ இருக்கும் வீட்டில் தனியறையின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். அதே பரப்பைக் கூறுபோட்டு மூன்றாக்கித் தருகிறார்கள் என்றால் இரண்டு பெரிய அறைகளையே எடுங்கள். 10க்கு 11 உள்ளளவு இருந்தால் ஐந்தடி அகலக் கட்டில் போட்டு, இருபுறமும் இரண்டரை அடி விட்டு, கால்மாட்டில் அலமாரியும் வைக்கலாம். அதற்குக் கீழே போகப் போக ஏதாவது ஒன்றை வெளியே வைக்க வேண்டிவரும். 'த்ரீ பெட்ரூம் என்றால் மறுவிற்பனையில் நல்ல விலை போகும்' என்பார்கள். நாளை உங்களிடம் வாங்குபவரின் வங்கிப் பொறியாளரும் அதே அப்ரூவ்டு பிளானைத்தான் பிரித்துப் பார்ப்பார்.

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குவது ரெரா சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் உரிமை. தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைக் கொண்டும் தேடிப் பாருங்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. அவசரப்படுத்தினால் அதைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ஒவ்வோர் அறையின் பெயரும் உள்ளளவும் இருக்கட்டும்.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் 12ஆம் பிரிவைப் படியுங்கள். விளம்பரத்திலோ மாடல் ஃப்ளாட்டிலோ இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். விலக விரும்பினால் போட்ட பணம் முழுவதையும் வட்டியோடு கேட்கலாம். 'பிரவுச்சர் படங்கள் மாதிரிக்கு மட்டுமே' என்ற பொடி எழுத்தைக் காட்டித்தான் எங்கள் பில்டர் வாதாடுகிறார். ஆகவே பிரவுச்சர், விலைப்பட்டியல், வாட்ஸ்அப்பில் வந்த தரைப்படம், மேலாளரின் குரல் பதிவுகள், மாடல் ஃப்ளாட்டில் எடுத்த படங்கள் எதையும் அழிக்காதீர்கள். எங்கள் புகாரில் இப்போது நிற்பது விலைப்பட்டியலில் அவர்களே அச்சடித்த '3 பெட்ரூம்' என்ற வரியும், அப்ரூவ்டு பிளானில் உள்ள 'ஸ்டோர்' என்ற சொல்லும்தான். அதே திட்டத்தில் த்ரீ பெட்ரூம் வாங்கிய மற்ற குடும்பங்களையும் தேடிப் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பிளானிலும் அப்படி இருந்தால், சாவி வாங்கும்போது நீட்டும் 'எல்லாம் திருப்தி' கடிதத்தில், அந்த அறையைப் பற்றிய ஆட்சேபத்தை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.